கிணற்றைக் கேட்காத மோட்டார்



வீட்டு வேலைகளைத் தாமாகவே செய்யும் கருவிகள் நம் ஊர் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. மஃரிப் நேரம் ஆனதும் வாசல் விளக்கு தானே எரிகிறது. தாங்கியில் தண்ணீர் குறைந்ததும் மோட்டார் தானே ஓடுகிறது. கடல் கடந்து வாழும் மகன் தன் கைத்தொலைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால், இங்கே உம்மாவின் முற்றத்து விளக்கு அணைகிறது. ஆனால் வாங்கிப் பூட்டிய ஆறு மாதத்துக்குள் குறை சொல்லத் தொடங்கிவிடுகிறோம். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை." "கரண்ட் போய் வந்தால் எல்லாம் குழம்பிவிடுகிறது." "சுவிட்சைத் தட்டிப் பத்து விநாடி கழித்துத்தான் விளக்கு எரிகிறது." உடனே இன்னும் விலை கூடிய கருவி எது என்று விசாரிக்கிறோம்.

சற்றுப் பொறுங்கள். பெரும்பாலான வீடுகளில் குறை கருவியில் இல்லை. அது நிற்கும் இடத்தையும் அதற்கு நாம் சொல்லிவைத்த கட்டளையையும் கொஞ்சம் திருத்தினாலே, இருப்பதைக் கொண்டே நல்ல வேலை வாங்கலாம். அதைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம். எடுத்துக்காட்டுக்குப் பருத்தித்துறையில் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். கனத்த சுண்ணக்கல் சுவர். வளவுக்குள் ஒரு கிணறு. கிணற்றடியில் ஒரு மோட்டார். கூரைமேல் ஆயிரம் லீற்றர்த் தாங்கி. வீட்டில் ஓர் உம்மா, மருமகள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கருவிகளை அனுப்பியவரோ தூர தேசத்தில்!

புதியதல்ல இந்த ஆசை

வேலையைத் தானே செய்யும் கருவி நேற்று முளைத்த ஆசை என்று எண்ணிவிடாதீர்கள். ஏறக்குறைய 850ஆம் ஆண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர்கள் மூவர், ஏறத்தாழ நூறு நூதனக் கருவிகளை விவரித்து நூல் எழுதினார்கள். தண்ணீர் ஏற ஏற மேலெழும் மிதவை ஒன்று, உரிய அளவு வந்ததும் வழியை அடைத்துவிடும் முறையை அவர்கள் பலவிதமாகக் கையாண்டார்கள். அவர்களுக்கும் முன்பே அலெக்சாந்திரியாவில் தண்ணீர்க் கடிகாரம் செய்தவர்கள் மிதவையை அறிந்திருந்தார்கள். தியார்பக்கிர் அரசவையில் பணியாற்றிய அல் ஜஸரி 1206இல் முடித்த நூலில், அரசர் ஒளூச் செய்யத் தானே தண்ணீர் வார்க்கும் இயந்திரம் இருக்கிறது. பணியாள் தண்ணீர் ஊற்றுவதை அரசர் விரும்பாததால் அதைச் செய்ததாக அவர் குறிப்பிடுகிறார்.

இன்று நம் தாங்கிக்குள் கிடக்கும் மிதவை சுவிட்ச் அந்த வம்சத்துப் பிள்ளைதான். வீட்டு மின்கம்பி வழியாகவே கட்டளை அனுப்பும் எக்ஸ்10 என்ற முறை 1975இல் ஸ்கொட்லாந்தில் உருவானது. அதற்குப் பின் வந்ததுதான் வைஃபை சுவிட்ச். பெயர்கள் மாறின, அடிப்படை வேலை ஒன்றே. அளவை அறி, அளவு வந்ததும் நில்!

முதலில் மின்சாரம்

மின்சாரம் இல்லாமல் வாழ்வது எப்படி என்பதை யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு பல ஆண்டுகள் இருளில் கிடந்தது. ஜாம் போத்தலில் திரி இட்டு மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்து எரித்ததும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் நம் தலைமுறையின் நினைவுகள். பிறகு கம்பி வந்தது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது! ஆகவே கரண்ட் போகும், வரும் என்று எண்ணியே கருவியை அமைக்க வேண்டும்.

கருவியின் செயலியைத் திறந்து பாருங்கள். 'மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும்?' என்ற தெரிவு பெரும்பாலும் இருக்கும். எரிய வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா, முன்பிருந்த நிலைக்குப் போக வேண்டுமா என்று மூன்று வழி காட்டும். மோட்டாருக்கு 'அணைந்தே இருக்க' என்று வையுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவில் கரண்ட் வந்ததும், யாரும் அறியாமல் மோட்டார் ஓடத் தொடங்கும். ரவுட்டருக்கும் கருவிகளை ஆளும் பெட்டிக்கும் மட்டும் சிறியதொரு மின்கல நிலைகாட்டி வாங்கிக் கொடுத்தால் போதும். அவை இரண்டும் உண்ணும் மின்சாரம் மிகச் சொற்பம். குறுகிய வெட்டுகளில் வீடு குழம்பாது.

வெளிநாட்டுப் பொருள் வரும்போது இன்னொன்றையும் பாருங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹேட்ஸ். அங்கே வாங்கிய சுவிட்சின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால், அடப்டர் மாட்டினாலும் இங்கே பூட்டாதீர்கள், எரிந்துவிடும். "என்ன அனுப்ப?" என்று பிள்ளை கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

சுவருக்குள் மறையும் சைகை

'நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை' என்பதற்குப் பெரும்பாலும் வைஃபை பலவீனமே காரணம். ரவுட்டரை முன் அறையின் ஒரு மூலையில், தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, பின்வளவில் இருக்கும் கிணற்றடி சுவிட்ச் கேட்க வேண்டுமென்றால் எப்படிக் கேட்கும்? கனத்த கல் சுவரும், தகரக் கதவும், தண்ணீர் நிறைந்த தாங்கியும் அந்தச் சைகையை விழுங்கும். ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலைக்கு மேலான உயரத்துக்கு மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லை.

ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் பேசும். ஒன்று 2.4 கிகாஹேட்ஸ், மற்றது 5. வேகம் கூடியது 5. தூரமும் சுவரும் தாண்டுவது 2.4. விலை குறைந்த சுவிட்சுகள் பெரும்பாலும் 2.4ஐ மட்டுமே அறியும். ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் காட்டும்போது புதுக் கருவி இணைய மறுத்தால், 2.4க்குத் தனிப் பெயர் வைத்து இணையுங்கள்.

கருவிகள் பத்து, பதினைந்து என்று பெருகும் வீட்டுக்குச் சிக்பீ என்ற முறை உதவும். அதில் மின்சாரத்தில் எப்போதும் பூட்டியிருக்கும் ஒவ்வொரு கருவியும் அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றி விடும். கிணற்றில் வாளி கைமாறுவதைப் போல. பற்றரியில் ஓடும் கருவி கைமாற்றாது. எனவே வீட்டுக்கும் கிணற்றடிக்கும் நடுவில், நனையாத இடத்தில், மின்சாரத்தில் பூட்டிய சிக்பீ பிளக் ஒன்று இருந்தால் சைகை அறுந்து போகாது.

கட்டளை எங்கே போய் வருகிறது?

சுவிட்சைத் தட்டிப் பத்து விநாடி கழித்து விளக்கு எரிகிறதே, அது ஏன்? உங்கள் கட்டளை முதலில் கடல் கடந்து, அந்தக் கம்பனியின் கணினிக்குப் போய், திரும்பி உங்கள் குசினிக்கு வருகிறது. இணையம் நின்றால் விளக்கும் நின்றது. கம்பனியே நின்றால்? 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியன் நிறுவனம் முன்னறிவிப்பு எதுவுமின்றித் தன் கணினிச் சேவையை நிறுத்தியது. அதை நம்பியிருந்தவர்களின் கைத்தொலைபேசிக் கட்டளைகள் ஒரே நாளில் ஊமையாயின. பின்னர் பயனாளர் சிலர் சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கிச் சேவையை மீட்டார்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்குமா?

ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: "இணையம் இல்லாவிட்டாலும் இது வீட்டுக்குள் வேலை செய்யுமா?" மேட்டர் என்ற பொது முறை 2022இல் வெளியானது. அந்த முத்திரை உள்ள கருவிகள் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசும். 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை ஒரு சிறு கணினியில் ஏற்றி, பல கம்பனிகளின் கருவிகளை வீட்டுக்குள்ளிருந்தே ஆளவும் முடியும். கணினி படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் அவனிடமோ அவளிடமோ இந்த வேலையை ஒப்படையுங்கள்.

கிணறு சொல்லும் கணக்கு

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்லப் போவது பருத்தித்துறைக்கே உரியது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணக்கல் வெடிப்புகளில் இறங்கி, நிலத்துக்கடியில் தேங்குகிறது. அதுதான் நம் கிணறு. அந்த நல்ல தண்ணீர் எதன்மேல் கிடக்கிறது தெரியுமா? கடல் தண்ணீரின்மேல்! உப்புத் தண்ணீர் கனம் கூடியது. நன்னீர் அதன்மேல் எண்ணெய்போல் மிதக்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒல்லாந்தில் கைபன் என்பவரும், ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனியாகக் கண்டது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்திருந்தால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த மேல்மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்புத் தண்ணீர் நாற்பது அடி மேலே வரும்! கடலோரத்தில் அந்த மேல்மட்டமே சில அடிகள்தாம். நின்று நிதானித்து இறைத்தால் சுற்றியுள்ள நன்னீர் ஊறிவந்து இடத்தை நிரப்பும். ஒரே மூச்சில் உறிஞ்சினால், நேர் கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் கூம்புபோல் எழும்பிக் கிணற்றைத் தொடும். ஒருமுறை உவர்த்த கிணறு தேற நல்ல மழைக்காலம் ஒன்றாவது வர வேண்டும். சில கிணறுகளுக்கு அதுவும் போதாது.

துலாவில் இறைத்த காலத்தில் இந்த ஆபத்துக் குறைவு. இறைப்பவரின் கை ஓயும். கிணற்றுக்கும் ஓய்வு கிடைக்கும். தண்ணீர் தாழ்ந்தால் கயிறு நீள்வதை வைத்தே பெண்கள் அறிந்துகொள்வார்கள். ருசி மாறினால் அன்றே தேநீரில் தெரியும். மோட்டாருக்குக் கை ஓயாது, நாக்கும் கிடையாது. அதைத் தானியங்கியாக்கிவிட்டால் நம் கண்ணும் அதைவிட்டு அகன்றுவிடுகிறது. கழிவறைத் தொட்டியில் வால்வு ஒழுகினால் தாங்கி இரவெல்லாம் குறையும். மோட்டார் இரவெல்லாம் நிரப்பும். வீட்டில் யாருக்கும் தெரியாது. மின்கட்டணம் வரும்போது ஒன்று தெரியும். கிணறு உவர்க்கும்போது மற்றது தெரியும்.

இந்த உப்புத் தண்ணீரைத் திரும்ப நன்னீராக்க எவ்வளவு பாடு பாருங்கள்! வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரும் அளவில் கட்டப்பட்டது. கோடி கோடியாகப் பணமும் ஓயாத மின்சாரமும் கொடுத்துச் செய்கிற அந்த வேலையை, அல்லாஹ்வின் அருளால் மழையும் கல்லும் நம் வளவுக்குள் இலவசமாகச் செய்து தருகின்றன. அதைக் காப்பதற்கே நம் கருவி முதலில் பயன்பட வேண்டும்.

மோட்டாருக்குக் கற்றுக் கொடுங்கள்

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். பத்து அடி அகலமுள்ள வட்டக் கிணற்றிலிருந்து, ஊற்று வராமலே ஆயிரம் லீற்றர் எடுத்தால் தண்ணீர் ஐந்தரை அங்குலம் அளவில் இறங்கும். நிமிடத்துக்கு 50 லீற்றர் தரும் மோட்டாருக்கு அது இருபது நிமிட வேலை. அதையே பத்து நிமிடம் ஓட்டி, ஒரு மணி நேரம் நிறுத்தி, மீண்டும் பத்து நிமிடம் ஓட்டினால் இடையில் கிணறு ஊறிக்கொள்ளும். தாங்கி நிரம்புவதும் நிரம்பும்.

சுவிட்சின் செயலியில் 'இத்தனை நிமிடத்துக்குப் பின் தானே அணைக' என்ற தெரிவு இருக்கும். அதில் பத்து நிமிடம் வையுங்கள். பல சுவிட்சுகளில் இந்த எண்ணிக்கை சுவிட்சுக்குள்ளேயே நடப்பதால், இணையம் இல்லாவிட்டாலும் அது நிற்கும். உங்களுடையதும் அப்படித்தானா என்று ஒருமுறை ரவுட்டரை அணைத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

நேரத்தையும் குறித்துக் கொடுங்கள். சுபஹுக்குப் பின் ஒருமுறை, ளுஹருக்குப் பின் ஒருமுறை. மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை ஊரெல்லாம் மின்சாரம் எடுக்கும் வேளை. வோல்ட் தாழ்ந்தால் மோட்டார் முனகிச் சூடேறும். கூரையில் சூரிய மின்தகடு உள்ளவர்கள் நண்பகலில் ஓட்டினால் வெயிலே செலவைத் தாங்கும். நோன்பு மாதத்தில் சஹர் வேளைக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும். அதற்கு அஸருக்குப் பின்னரே தாங்கியை நிரப்பி வைக்கும்படி அட்டவணையை மாற்றிக்கொள்ளுங்கள்.

மிதவை சுவிட்ச் இரண்டு வேண்டும். ஒன்று தாங்கியில், நிரம்பியதும் நிறுத்த. மற்றது கிணற்றில், தண்ணீர் குறித்த அளவுக்குக் கீழே போனால் மோட்டாரை ஓடவே விடாமல் தடுக்க. இவை இரண்டும் கம்பியால் நேரடியாக இணைந்திருக்கட்டும். வைஃபை சுவிட்ச் அவற்றுக்கு மேல் இருந்து நேரத்தை மட்டும் சொல்லட்டும். கைத்தொலைபேசி தவறினாலும் மிதவை தவறாது.

இன்னொன்று மிக முக்கியம். ஒவ்வொரு நாளும் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்று செயலியில் பாருங்கள். வழக்கமாக இருபத்தைந்து நிமிடம் ஓடுவது ஒருநாள் ஐம்பது என்று காட்டினால், விருந்தாளி வந்தாரா, அல்லது எங்காவது ஒழுக்கா என்று தேடுங்கள். கிணற்று நீரின் உப்பளவைக் காட்டும் பேனை போன்ற சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை அளந்து கலண்டரில் எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் ஓடும் நிமிடத்தைக் குறையுங்கள். துலாக்கயிறு அன்று நம் பெண்களுக்குச் சொன்ன செய்தியை, இந்த இரண்டு எண்களும் இன்று உங்களுக்குச் சொல்லும்.

எச்சரிக்கை: மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். விளக்குக்கான சிறிய வைஃபை சுவிட்சில் அதை நேரே பூட்டினால், உள்ளே உள்ள தகடுகள் உருகி ஒட்டிக்கொள்ளும்; பிறகு 'அணை' என்றாலும் அணையாது. இடையில் கொன்டக்டர் ஒன்றைத் தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு பூட்டுங்கள். பெண்களும் பிள்ளைகளும் குளிக்கும் இடம் கிணற்றடி. நில இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் அங்கே எந்த மின்கருவியும் வேண்டாம். உப்புக் காற்று செம்பையும் பச்சையாக்கும் ஊர் அது. இறப்பர் விளிம்புள்ள, தண்ணீர் புகாத பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்து, ஆண்டுக்கொருமுறை மெயின் சுவிட்சை அணைத்து மின்வினைஞரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சாவி யார் கையில்?

கடைசியாக ஒன்று. கருவியை அனுப்பிய மகனோ தம்பியோ கணக்கையும் கடவுச்சொல்லையும் தன்னிடமே வைத்திருப்பார். அவர் வேலையில் இருக்கும்போது இங்கே மோட்டார் நிற்காவிட்டால் யாரிடம் கேட்பது? வீட்டில் இருந்து தண்ணீர் புழங்குபவர் நீங்கள். ஆகவே கணக்கில் உங்கள் பெயரும் சம உரிமையோடு இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, வளவு உறுதி வைத்திருக்கும் பெட்டியில் வையுங்கள். கமரா இருந்தால் அது வாசலையும் வளவையும் மட்டும் பார்க்கட்டும். வீட்டுக்குள்ளும் கிணற்றடிக்கும் அதற்கு வேலையில்லை.

ஒவ்வொரு விளக்குக்கும், மோட்டாருக்கும், கையால் போட்டு அணைக்கும் சுவிட்ச் கட்டாயம் இருக்கட்டும். கைத்தொலைபேசி பழகாத உம்மம்மா இருட்டில் தடவினாலும் அவர் கைக்கு அது எட்ட வேண்டும்.

இடம்பெயர்ந்து பல ஆண்டு கழித்து ஊர் திரும்பிய எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். பாழடைந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய கதையைச் சொல்லுவார்கள். கூரை இல்லாத வீட்டிலும் தரப்பாளைக் கட்டி இருந்துவிடலாம். தண்ணீர் இல்லாத வளவில் ஓர் இரவு தங்க முடியாது. இன்று மாலையே செயலியைத் திறந்து, மோட்டாருக்குப் பத்து நிமிடம் என்று எல்லை வையுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செய்யலாம், இன்ஷா அல்லாஹ்.